கசப்பில் தொடங்கும் விருந்து



பிழைப்பைத் தேடி நீங்கள் ஒரு பட்டணத்திற்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின? ஐந்தா, பத்தா, இருபதா? அப்பட்டணத்தின் மொழியை ஓரளவு கற்றிருப்பீர்கள். பேருந்துத் தடங்களையும் சந்தை விலையையும் நன்றாய் அறிந்திருப்பீர்கள். ஆனாலும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். உங்கள் சுவருக்கு அப்பால் குடியிருக்கிறவருடைய வீட்டில் அமர்ந்து, அவர்கள் உண்பதை அவர்கள் உண்ணும் விதமாகவே எத்தனை முறை உண்டிருக்கிறீர்கள்?

நம்மில் பலருடைய விடை, "ஒரு முறையும் இல்லை" என்பதே. அரிசியும் மிளகாய்த்தூளும் ஊரிலிருந்து மூட்டையாய் வருகின்றன. இந்தக் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் சென்றால் இட்லியும் ஃபில்டர் காபியும் கிடைக்கும். வங்காளியின் சோற்றை ஒரு பிடிகூடத் தொடாமல் இங்கே முப்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட முடியும். வேறொரு நாட்டில் குடியிருப்பவரைப் போலவே, சொந்த தேசத்தில் அந்நியராய் வாழ்ந்து திரும்பிவிடவும் முடியும். நானும் அப்படி வாழ்ந்திருக்க வேண்டியவன்தான். கல்கத்தா என்ற பெயர் 2001-இல் கொல்கத்தா என்று மாறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், சிறியதொரு தமிழ்ச் சபையின் ஊழியத்திற்காக மனைவியோடு இங்கு வந்து இறங்கினேன். என்னைத் திருத்தியவை இரண்டு சமையலறைகள். அவற்றைக் குறித்தே இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

இலையில் வராத ஒழுங்கு

ஜாதவ்பூருக்கு அருகே, மூன்று மாடி வீடொன்றின் கீழ்த்தளத்தில் குடியேறினோம். முதல் மாதத்திலேயே மேல்மாடிக் குடும்பத்தார் மதிய உணவிற்கு அழைத்தார்கள். தட்டில் சோறு. அதன் அருகே வேப்பங்கொழுந்தும் கத்தரிக்காயும் சேர்த்து வறுத்த சிறியதொரு கறி. வேறொன்றும் இல்லை. இவ்வளவுதான் விருந்து போலும் என்று எண்ணி, பசியோடிருந்த நான் முழுச் சோற்றையும் அந்தக் கசப்போடு பிசைந்து உண்டு முடித்தேன். வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பின்னரே பருப்பு வந்தது. பொரியல் வந்தது. காய்கறிக் கூட்டு வந்தது. ரோகு மீன் குழம்பு வந்தது. என் வயிற்றிலோ இடமில்லை.

ஒன்றுக்குப்பின் ஒன்றாய் உண்பதே வங்காளப் பந்தியின் ஒழுங்கு என்பதை அன்று நான் அறியேன். முதலில் கசப்பு. இளவேனிற்காலத்தில் வேப்பங்கொழுந்து, மற்ற நாட்களில் பாகற்காய், அல்லது 'சுக்தோ' என்னும் கூட்டு. இந்தச் சுக்தோவில் பாகற்காயோடு முருங்கைக்காய், வாழைக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவையும் சேரும். அடுத்து பருப்பும் வறுவலும், பின்பு காய்கறிகள், பின்பு மீன், விருந்தானால் இறைச்சி. கடைசியில் தக்காளியோ மாங்காயோ சேர்த்த இனிப்பும் புளிப்புமான சட்னி அப்பளத்தோடு வரும். முடிவில் பாயசமோ, இனிப்புத் தயிரோ, சந்தேஷோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி சோறு மாத்திரம் பிசைந்துகொள்ள வேண்டும். ஒன்றை இன்னொன்றோடு கலக்கலாகாது.

நமக்கோ இலை முழுவதும் ஒரே நேரத்தில் நிறைந்திருக்க வேண்டும். சாம்பார், ரசம், மோர் என்ற வரிசை நமக்கும் உண்டு. என்றாலும் கூட்டும் பொரியலும் ஊறுகாயும் முதலிலிருந்து கடைசிவரை கூடவே இருக்கும். ஆகவே வங்காளியின் பந்தியில் நாம் தடுமாறுகிறோம். சட்னியைத் தொடக்கத்திலேயே கேட்கிறோம். தயிரில் உப்பைத் தேடுகிறோம். நாம் கேட்பது கிடைக்காதபோது, "இவர்களுக்குச் சமைக்கத் தெரியவில்லை" என்று வீட்டிற்கு வந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அன்று நானும் அதையே சொன்னேன். என் மனைவியோ, "அவர்கள் காட்டிய வழியில் நீங்கள் நடக்கவில்லை, வழியைக் குறை சொல்கிறீர்கள்" என்றாள்.

ஒரே அஞ்சறைப் பெட்டி

மறுவாரம் அவள் மேல்மாடிக்குச் சென்று சமையலறையின் வாசலில் அமர்ந்து பார்த்தாள். அவளுக்கு முதல் ஆச்சரியம் தரையில் இருந்தது. அந்த வீட்டுப் பாட்டியம்மாள் காலால் மிதித்துக்கொண்டு காய் அரிந்த 'போட்டி' என்பது நம் அரிவாள்மணையேதான்! அடுத்தது மசாலாப் பெட்டி. வங்காளத்தார் தாளிக்கும் 'பாஞ்ச் ஃபோரோன்' என்பதன் பொருள் ஐந்து தாளிப்பு. வெந்தயம், கருஞ்சீரகம், சீரகம், கடுகு, சோம்பு ஆகிய ஐந்தையும் பொடிக்காமல் முழுதாய்ச் சேர்ப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை நம் அஞ்சறைப் பெட்டியிலும் உண்டு. கடுகை நாம் வெடிக்கவிடுகிறோம். அவர்கள் அரைத்து மீனின்மேல் பூசுகிறார்கள், எண்ணெயாய் ஆட்டிச் சமைக்கிறார்கள். நமக்கு மூக்கில் ஏறும் அந்த நெடி அவர்களுக்குத் தாய்வீட்டு மணம்.

பந்தியில் பேசும் பேச்சிலும் உறவு இருக்கிறது. நாம் "காபி சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதுபோல் அவர்களும் தேநீரையும் தண்ணீரையும் 'சாப்பிடுகிறார்கள்'. தெருவில் கண்டவுடன் "சோறு உண்டாயா?" என்று விசாரிக்கிறார்கள். விடைபெறும்போது "போகிறேன்" என்று சொல்வது அவர்களுக்கும் ஆகாது. "வருகிறேன்" என்றே சொல்லிப் படியிறங்குகிறார்கள். ஒருவர் வீட்டிற்குப் போகையில் இனிப்புப் பொட்டலத்தோடு போவதும், வந்தவருக்கு இனிப்பும் ஒரு குவளைத் தண்ணீரும் வைப்பதும் இங்கே மாறாத வழக்கம். நவீன் சந்திர தாஸ் 1868-இல் பாக்பஜாரில் செய்ததாகச் சொல்லப்படும் ரசகுல்லா அத்தகைய தட்டுகளில்தான் வீடு வீடாய்ச் சென்றது. 2017-இல் 'வங்காள ரசகுல்லா'வுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019-இல் ஒடிசாவும் தன் ரசகுல்லாவுக்கு அதே குறியீட்டைப் பெற்றது.

எல்லையைக் கடந்து வந்த அடுப்புகள்

மேல்மாடிக் குடும்பத்தாரின் சமையலுக்கும் எதிர்வீட்டாரின் சமையலுக்கும் வித்தியாசம் இருப்பதைச் சில மாதங்களில் கண்டுகொண்டோம். எதிர்வீட்டார் குழம்பிலும் சிறிது சர்க்கரை சேர்த்தார்கள்; மேல்மாடியில் காரம் மிகுதி. விசாரித்தபோது ஒரு தேசத்தின் காயமே வெளிப்பட்டது. 1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோதும் அதன் பின்னும், கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வீடுகளை விட்டு இங்கே வந்தார்கள். இன்று வங்காளதேசம் என்று நாம் அழைக்கும் அண்டை நாடே அவர்களுடைய ஊர். ஜாதவ்பூரைச் சுற்றியுள்ள பல குடியிருப்புகள் அவ்விதம் வந்த அகதிகள் உண்டாக்கியவை. அவர்களை 'பாங்கால்' என்றும், இப்பக்கத்தின் பழங்குடிகளை 'கோட்டி' என்றும் அழைப்பார்கள். கால்பந்தாட்டத்திலும் இந்தப் பிரிவு தொடர்ந்தது. 1920-இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் அணிக்கு அடையாளம் இலிஷ் மீன். 1889-இல் தொடங்கிய மோகன் பகானுக்கு இறால்.

அந்த இலிஷைத் தமிழில் உள்ளம் மீன் என்பார்கள். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிர்த்து ஏறும் மீன் அது. நம் காவிரியிலும் ஒருகாலத்தில் ஏறி வந்தது. அணைகள் எழும்பியபின் அந்த வரத்து அற்றுப்போயிற்று. கங்கையிலும் 1975-இல் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின் அதன் மேல்நோக்கிய பயணம் தடைப்பட்டது. ஆகவே கொல்கத்தா, பத்மா நதியின் இலிஷை எதிர்பார்த்து எல்லையை நோக்கிக் காத்திருக்கிறது. 2012-இல் வங்காளதேசம் அதன் ஏற்றுமதியைத் தடைசெய்தது. 2019 முதல் துர்க்கா பூசைக் காலத்தில் மட்டும் குறிப்பிட்ட அளவுக்கு அனுமதி வழங்கி வந்தது. 2024-இல் முதலில் மறுத்து, பின்பு 3,000 டன்னுக்கு இசைந்தது. இரு அரசுகளின் மனநிலையை இந்நகரத்தார் மீன்கடையில் அறிந்துகொள்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது. கடவுச்சீட்டு இல்லாமலே ஓர் அண்டை நாட்டின் உணவை உண்ணும்படி எங்கள் மேல்மாடியில் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

கதவைத் தட்டிய வாசனை

ஒருநாள் என் மாமியார் தூத்துக்குடியிலிருந்து வாளைக் கருவாடு அனுப்பியிருந்தார்கள். பட்டணத்தில் குடியிருப்போருக்கு இந்தப் பயம் தெரியும். வாசனை வெளியே போகலாகாது! என் மனைவி ஜன்னல்களைச் சாத்தி, வாசற்படியின் கீழே ஈரத்துணி வைத்து, திருடியைப்போல் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். குழம்பு கொதிக்கும்போது கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரர் குறை சொல்ல வந்துவிட்டார் என்று நாங்கள் நடுங்கினோம்.

திறந்தால், மேல்மாடிப் பாட்டியம்மாள் தனியே படியிறங்கி வந்து நின்றார்கள். அவர்களை 'மாசிமா' என்று அழைப்போம். தாயின் சகோதரியை அழைக்கும் சொல் அது. வெள்ளைச் சேலை, எழுபது வயது. "சுட்கி அல்லவா, மா?" என்று கேட்டார்கள். சுட்கி என்பது கருவாடு. அனுமதிக்குக் காத்திராமல் உள்ளே வந்து அடுப்பருகே தரையில் அமர்ந்தார்கள். சட்டோகிராமில் தம் தாய் எப்படிச் சமைப்பார் என்பதைச் சொன்னார்கள்: வெங்காயமும் பூண்டும் சிவந்த மிளகாயும் நிறைய, கத்தரிக்காய் உண்டு, புளி இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த ஊரைக் குறித்து அன்றுதான் முதன்முறையாய் எங்களிடம் பேசினார்கள்.

என் மனைவி மகிழ்ந்து ஒரு தட்டில் சோறும் குழம்பும் வைத்தாள். மாசிமா அதைத் தொடவில்லை. கணவரை இழந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் பிறந்த சாதி வழக்கப்படி விதவைக்கு மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை இல்லை, வெங்காயமும் பூண்டும் இல்லை. மைசூர்ப் பருப்புக்கூட விலக்கு. ஈஸ்வர சந்திர வித்யாசாகர் முயன்று 1856-இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. ஆனால் விதவையின் தட்டை எந்தச் சட்டமும் எட்டவில்லை. மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நாள்தோறும் மீன் சமைத்துப் பரிமாறிய அந்தக் கைகள் ஒரு துண்டையும் தம் வாயில் இட்டதில்லை. நம் ஊரிலும் வெள்ளைச் சேலையோடு மூலையில் ஒதுக்கப்பட்ட பாட்டிமாரை நாம் கண்டிருக்கிறோமே!

என் மனைவியின் முகம் வாடியது. அதைக் கண்ட மாசிமா அவள் மோவாயைத் தொட்டு, தம் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார்கள். "இது எனக்கு ஆகாது, மா. ஆனாலும் உன் வீட்டிலிருந்து வெறும் வாயோடு போகமாட்டேன். ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு துண்டு வெல்லமும் கொடு" என்றார்கள். எங்களிடம் கருப்பட்டி இருந்தது. அதை வாயில் அடக்கி, "எங்கள் குளிர்கால ஈச்ச வெல்லத்திற்கு இது உறவுக்காரி" என்று சிரித்தார்கள். பின்பு குழம்பு வற்றும்வரை அந்த வாசனையில் அமர்ந்திருந்து, "வருகிறேன்" என்று சொல்லிப் படியேறினார்கள்.

பிரியமானவர்களே, உணவை மறுத்தாலும் மனிதரை மறுக்காதிருப்பது எப்படி என்பதை அன்று கண்டேன். வேதாகமக் கல்லூரியில் எனக்கு ஒருவரும் அதைச் செய்து காட்டியதில்லை.

மறுப்பதிலும் ஒரு மரியாதை

அந்தப் பாடம் சில மாதங்களிலேயே தேவைப்பட்டது. துர்க்கா பூசை வந்தது. அஷ்டமியன்று தெருப் பந்தலில் படைத்த கிச்சடியும் காய்கறிக் கூட்டும் 'போக்' என்ற பெயரில் எல்லா வீடுகளுக்கும் பகிரப்படும். மாசிமாவின் மகன் ஒரு தூக்குப் பாத்திரத்தில் எங்களுக்கும் கொண்டுவந்தார்.

என் குற்றத்தை இங்கே அறிக்கையிடுகிறேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, "பண்டிகை நாட்களில் கதவைச் சாத்திவிடுங்கள், யார் எதைக் கொண்டுவந்தாலும் திறக்காதிருங்கள்" என்று சபையில் போதித்தவன் நானே. சிலர் வேறொரு வழியைக் கையாண்டார்கள்: புன்னகையோடு வாங்கிக்கொண்டு, பின்வாசலில் கொட்டிவிடுவது. ஒன்று கடுமை, மற்றொன்று கள்ளம். இவ்விரண்டிலும் அண்டை வீட்டார் மரியாதை பெறவில்லை.

கொரிந்து சபைக்கு இதே கேள்வி எழுந்தபோது அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய நிருபத்தை நீங்கள் அறிவீர்கள். விசுவாசியல்லாதவர் விருந்துக்கு அழைக்கும்போது, போக மனதிருந்தால், வைக்கப்பட்டதை விசாரியாமல் உண்ணும்படியும், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் அறிவித்தால் அவர்நிமித்தம் உண்ணாதிருக்கும்படியும் அவர் ஆலோசனை சொன்னார். அதன் பின்பாதியை நான் பலமுறை பிரசங்கித்திருந்தேன். முன்பாதியில் 'போக' என்ற சொல் இருப்பதை எப்படியோ கவனிக்கத் தவறினேன். போகாதவனுக்கு அந்த ஆலோசனையே தேவைப்படாதே!

என் மனைவி பாத்திரத்தைக் கையில் வாங்கவில்லை, கதவைச் சாத்தவுமில்லை. அவரோடு மேல்மாடிக்குப் போய் மாசிமாவின் அருகே தரையில் அமர்ந்து, "மாசிமா, பூசையில் படைத்தது எனக்கு ஆகாது. ஆனாலும் உங்கள் வீட்டிலிருந்து வெறும் வாயோடு போகமாட்டேன்" என்றாள். கிழவியார் ஒரு கணம் அவளைப் பார்த்தார்கள். தம் சொற்களே தம்மிடம் திரும்பி வந்திருப்பதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்த மணிநேரத்திலேயே மாவு பிசைந்து 'லூச்சி' பொரித்தார்கள். நம் பூரியைப் போன்றது. மைதாவில் வெண்மையாய் உப்பும். வெங்காயம் சேராத உருளைக்கிழங்குக் கறியோடு எனக்கும் கீழே கொடுத்தனுப்பினார்கள். அந்தக் கிறிஸ்மஸுக்கு நாங்கள் முட்டை சேராத கேக் செய்து மேலே அனுப்பினோம். மாசிமா உயிரோடிருந்த காலமெல்லாம் அஷ்டமியன்று லூச்சி கீழே வருவதும், டிசம்பரில் கேக் மேலே போவதும் நின்றதில்லை. அடுத்த ஆண்டு சபையில் என் போதனையைத் திருத்திக்கொண்டேன்.

ஸ்ரீராம்பூரில் ஒரு மேசை

சேர்ந்து உண்பது அற்பமான காரியம் என்று எண்ணுகிறீர்களா? கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளி நதியோரமாய் வடக்கே சென்றால் ஸ்ரீராம்பூர் வரும். ஆங்கிலக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனெரிமாருக்கு இடந்தராத நாட்களில், டேனிஷ்காரர் ஆட்சியிலிருந்த அவ்வூரில் 1800-இல் வில்லியம் கேரி குடியேறினார். நம் தரங்கம்பாடியும் அன்று டேனிஷ்காரர் வசமே இருந்தது. இவ்விரண்டையும் 1845-இல் அவர்கள் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கிருஷ்ண பால் என்னும் தச்சர் தோள்பட்டை இடம் விலகி வேதனைப்பட்டபோது, மிஷனெரி மருத்துவர் ஜான் தாமஸ் அதைச் சரிசெய்தார். அதனால் உண்டான பழக்கம் வளர்ந்து, 1800 டிசம்பர் 22-ஆம் நாள் கிருஷ்ண பாலும் அவர் தோழர் கோகுலும் மிஷனெரிமாரோடு ஒரே மேசையில் அமர்ந்து உணவருந்தினார்கள்.

அவர் ஞானஸ்நானம் பெற்றது அதற்குப் பின், டிசம்பர் 28-ஆம் நாளில். ஆனால் ஊர் கொந்தளித்தது அந்த உணவுக்காகவே. கூட்டத்தார் அவர்களைப் பிடித்து அதிகாரியிடம் இழுத்துச் சென்றார்கள், அவர் விடுவித்தார். ஒரு மனிதன் யாரோடு உண்கிறானோ அவர்களுக்குச் சொந்தமாகிறான் என்பதை அந்தக் கூட்டத்தார் நன்றாய் அறிந்திருந்தார்கள். நாமோ அதை அறியாதவர்போல் இருக்கிறோம்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

ஆகவே அன்பானவரே, இந்த மாதம் ஒன்றைச் செய்து பாருங்கள். நீங்கள் கொல்கத்தாவில் இருந்தாலும், மும்பையிலோ பெங்களூரிலோ தில்லியிலோ இருந்தாலும், அடுத்த வீட்டாருக்கு ஒரு கிண்ணத்தில் ஏதாவது கொடுத்தனுப்புங்கள். எது அவர்களுக்கு ஆகும், எது ஆகாது என்று முதலில் கேட்டறியுங்கள். அவர்கள் அழைத்தால் போங்கள். எதை முதலில் உண்ணவேண்டும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்பவரை எந்த வீடும் இகழாது. பிள்ளைகளுக்கு முன்பாக அவர்கள் உணவைப் பழிக்காதிருங்கள். உங்களுக்கு ஆகாதது எதிரே வந்தால் மெய்யைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ஒரு குவளைத் தண்ணீராவது அந்த வீட்டில் வாங்கிக் குடியுங்கள்.

தொடக்கத்தில் கசப்பாய் இருக்கலாம். எங்கள் மேல்மாடியில் அப்படித்தான் இருந்தது. ஒரு பிடிச் சோற்றுக்கு மட்டும் அந்தக் கசப்பைப் பிசைந்துகொண்டு பொறுமையாய் அமர்ந்திருங்கள். மற்றவை ஒன்றுக்குப்பின் ஒன்றாய் வரும். இனிப்பு கடைசியில் வரும்.